நரம்பின் கடைமடை

காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவு. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.



வாசலில் பலகையில் 'நரம்பு முனைகளில் வேதிச் செய்தி' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டும் இத்தனை பேர் உள்ளே வந்திருக்கிறீர்கள் என்றால், உங்களுக்குப் பொறுமை அதிகமாக இருக்க வேண்டும், அல்லது வெளியே மழை தூற ஆரம்பித்திருக்க வேண்டும். எதுவானாலும் நன்றி. பலகையைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். நான் பாம்பிலிருந்து தொடங்குகிறேன்.

களத்தில் நெல்லுக்குக் காவலாகப் படுப்பவர், புழுக்கம் தாங்காமல் திண்ணையில் பாய் விரிப்பவர், தரையில் பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்கும் தாய்: கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் இவர்களைத்தான். பகலில் அதைச் சீண்டினால்கூடச் சுருண்டு தலையை உடம்புக்கடியில் ஒளித்துக்கொள்ளும். இரவில்தான் அது இரை தேடி நடமாடும். தூக்கத்தில் புரளும் ஒரு கை அதன்மேல் பட்டால் கடித்துவிட்டுப் போய்விடும். கடிபட்டவர் எறும்போ கொசுவோ என்று சொறிந்துகொண்டு மறுபடி தூங்குவார். வீக்கம் இருக்காது. பல் தடம் தேடினாலும் தெரியாது.

சில ஊர்களில் இதற்கு எட்டடி விரியன் என்று பெயர். கடித்தால் எட்டு அடி நடப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவார் என்று கதை. கதை தவறு. கடிபட்டவர் எட்டு அடி என்ன, எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டு வந்து படுப்பார். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்பார். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சுக்குத்தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு இமை கனக்கும். தூக்கம் தெளியவில்லை என்று நினைப்பார்கள். பேச்சு குழறும். எச்சில் விழுங்க முடியாது. கழுத்து நிற்காது. கடைசியில் மூச்சு. நான் பிள்ளையாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் போனார். மாரடைப்பு என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். மருத்துவம் படிக்கப்போன பிறகு, அந்த விடியற்காலையை மனத்தில் திரும்ப ஓட்டிப் பார்த்தபோதுதான் அந்தக் கனத்த இமைகள் எனக்கு வேறு ஒன்றைச் சொல்லின.

இப்போது என் கேள்வி. இந்த ஆளின் இதயம் துடிக்கிறது. மூளை விழித்திருக்கிறது, கையைத் தூக்கு என்று உத்தரவும் போடுகிறது. அந்த உத்தரவு நரம்பு வழியாகத் தோளைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி ஓடி வருகிறது. நரம்பில் அறுப்பு இல்லை. தசையும் நன்றாகவே இருக்கிறது. தசையை நேராக மின்சாரத்தால் தொட்டால் சுருங்கும். எல்லாம் சரியாக இருக்கும்போது கை ஏன் தூங்குகிறது?

நீங்கள் கடைமடைக்காரர்கள். உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிடலாம். மேட்டூரில் திறந்த தண்ணீர் அத்தனை ஆறும் வாய்க்காலும் கடந்து இந்தத் திருமலைராஜன் ஆற்றுக்கும் வந்து சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலும் உழுது தயாராக இருக்கிறது. ஆனால் வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கடைசி மடை திறக்கவில்லை. மேட்டூரைக் குறை சொல்லிப் பயனில்லை, வயலைக் குறை சொல்லியும் பயனில்லை. கட்டுவிரியன் கைவைக்கும் இடம் அந்த மடைதான்.

நரம்பு தசையோடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதே பலருக்குச் செய்தியாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. தலைமயிர் ஒன்றின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனாலும் இடைவெளி இடைவெளிதான். மூளைக்குள் ஒரு நரம்பணுவுக்கும் அடுத்த நரம்பணுவுக்கும் நடுவிலும் இதே கதை. அங்கே இடைவெளி இன்னும் குறுகல். இந்தச் சந்திப்புக்கு 1897-இல் இங்கிலாந்தின் ஷெரிங்டன் 'சினாப்ஸ்' என்று பெயர் வைத்தார். தமிழில் நரம்பிணைப்பு என்று எழுதுகிறோம். இணையாத ஒன்றுக்கு இணைப்பு என்று பெயர். இருக்கட்டும், சம்பந்தி உறவுக்கும் இணைப்பு என்றுதானே சொல்கிறோம்.

இந்த இடத்தில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று முதலில் காட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த 1850-களில், பாரிசில் க்ளோத் பெர்னார் என்பவர் தென் அமெரிக்கப் பழங்குடிகள் அம்பில் தடவும் க்யூராரே என்ற விஷத்தைத் தவளைக்குக் கொடுத்துப் பார்த்தார். தவளை துவண்டது. நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையையே தூண்டினால் துள்ளியது. நரம்பும் கெடவில்லை, தசையும் கெடவில்லை. கெட்டது இரண்டும் சந்திக்கும் இடம் என்று அவர் கண்டார். அம்புக்கு விஷம் தடவிய வேடனுக்கும் நம் விரியனுக்கும் ஒரே இடம்தான் குறி.

ஆனால் அந்த இடைவெளியை எது தாண்டுகிறது? மின்பொறியா, ஏதாவது ஒரு சாறா? இந்தச் சண்டை அரை நூற்றாண்டு நடந்தது. சாறுதான் என்பதற்கு முதல் கண்கூடான சாட்சியைக் கொண்டுவந்தவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி. அவருக்கு அந்தச் சோதனை கனவில் வந்ததாம். நள்ளிரவில் எழுந்து ஒரு துண்டுத்தாளில் கிறுக்கிவிட்டுத் தூங்கியிருக்கிறார். காலையில் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. அன்று முழுக்கத் தவித்திருக்கிறார். மறுநாள் இரவு மூன்று மணிக்கு அதே கனவு. இந்தமுறை எழுதவில்லை, எழுந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். நான் மருத்துவ மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம், கையெழுத்தைத் திருத்திக்கொள்ளுங்கள் என்று சேர்த்துச் சொல்வேன். பயன் இருந்ததில்லை.

சோதனை எளிது. இரண்டு தவளை இதயங்கள், உப்புநீரில் தனித்தனியே துடிக்கின்றன. ஒன்றோடு அதன் நரம்பு இருக்கிறது. அந்த நரம்பைத் தூண்டினால் துடிப்பு தளர்கிறது. அந்த இதயம் கிடந்த நீரை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் தளர்ந்தது. நரம்பு சொன்ன சொல் தண்ணீரில் கரைந்து வந்திருக்கிறது. 1921-இல் இது வெளியானது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்று பிறகு தெரிந்தது. லண்டனில் ஹென்றி டேலின் குழு, கைகால் தசைகளுக்கு வரும் நரம்பின் முனையிலும் அதே பொருள்தான் வெளிவருகிறது என்று 1936-இல் காட்டியது. அவ்வளவு நுணுக்கமான அளவை எதைக் கொண்டு அளந்தார்கள் தெரியுமா? அட்டை! நாற்று நடும்போது காலில் ஏறுமே, அந்த இனம்தான். அட்டையின் உடல்தசை அசிட்டைல்கோலினுக்கு அப்படிச் சுருங்கும். அந்த வித்தையை லண்டனுக்குக் கொண்டுவந்த ஃபெல்ட்பெர்க், யூதர் என்பதற்காக 1933-இல் ஜெர்மனியில் வேலை பறிக்கப்பட்டவர். லோவிக்கும் டேலுக்கும் 1936-இல் நோபல் கிடைத்தது. இரண்டே வருடத்தில் நாஜிகள் லோவியைச் சிறையில் வைத்து, அந்தப் பரிசுப் பணத்தையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் நாட்டைவிட்டு விட்டார்கள். இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டினால் பாதிப்பேர் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள்.

அப்படி வந்த இன்னொருவர்தான் இன்றைய கதையின் நாயகர். பெர்னார்ட் காட்ஸ். 1911-இல் லைப்சிக்கில் பிறந்தவர். 1935-இல் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். போருக்குப் பிறகு பால் ஃபாட் என்ற இளைஞரோடு சேர்ந்து தவளையின் தசைக்குள், நரம்பு வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே, மயிரைவிட மெல்லிய கண்ணாடி ஊசி ஒன்றைச் செருகி மின்னழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பை யாரும் தூண்டவில்லை. தவளைத் தசை சும்மா கிடக்கிறது. ஆனால் திரையில் நேர்க்கோடாக இருக்க வேண்டிய இடத்தில் சிறுசிறு மேடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மில்லிவோல்ட். நொடிக்கு ஒன்று போல, ஒழுங்கில்லாமல்.

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? கருவியில் கோளாறு என்று தட்டிவிட்டுப் போயிருப்போம். அவர்கள் போகவில்லை. ஊசியை அந்த இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளிச் செருகினார்கள், மேடுகள் காணவில்லை. க்யூராரே விட்டார்கள், மேடுகள் சிறுத்து மறைந்தன. கருவிக்குக் க்யூராரே ஏறாது அல்லவா? அப்படியென்றால் இது நரம்பு முனையின் வேலை. அடுத்து, வெளியிலிருந்து அசிட்டைல்கோலினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டுப் பார்த்தால் தசையின் எதிர்வினையும் வழுக்கிக்கொண்டு குறைகிறது. படி எதுவும் இல்லை. ஆக, இந்த மேடு ஒரு மூலக்கூறு செய்வது இல்லை. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே பொட்டலமாக வந்து விழுவது.

பொட்டலம் என்பதை நிரூபித்த விதம்தான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்தது. ஹோசே டெல் காஸ்டில்யோ என்ற ஸ்பானியரோடு சேர்ந்து 1954-இல் காட்ஸ் இதைச் செய்தார். தவளைத் தசை கிடக்கும் நீரில் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டினார்கள். இப்போது நரம்பைத் தூண்டினால் வழக்கம்போலப் பெரிய அலை வருவதில்லை. சிலமுறை எதுவுமே வருவதில்லை. சிலமுறை ஒரு மேட்டின் அளவு, சிலமுறை இரண்டு, சிலமுறை மூன்று. ஒன்றரை கிடையாது, இரண்டேகால் கிடையாது.

இந்த ஊரில் இதைச் சொல்ல எனக்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை. உங்கள் ஆயிரங்காளியம்மனுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை படையல் எப்படிப் போகிறது? எல்லாம் ஆயிரம் கணக்கில். பழமானாலும் தேங்காயானாலும் ஆயிரம் என்று எண்ணித்தான் வைக்கிறோம். வண்டியில் குவியலாகக் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. நரம்பு முனையும் அப்படி எண்ணி வைக்கிற பக்தன். ஒரு பொட்டலத்தில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரை அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள். தவளைத் தசையில் ஒரு நரம்புத் துடிப்புக்கு நூறு, இருநூறு பொட்டலம் அவிழும். நொடிக்கு ஒன்று தானாகத் தவறி விழுந்ததைத்தான் காட்ஸ் முதலில் பார்த்தார்.

அதே 1954-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நரம்பு முனையைப் பார்த்தவர்கள் அதற்குள் சின்னச்சின்ன உருண்டைக் குமிழ்கள் நிறைந்து கிடப்பதைக் கண்டார்கள். ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அகலம். கணக்கில் வந்த பொட்டலத்துக்கு உருவம் கிடைத்துவிட்டது. அந்த வருடம் நவம்பர் 1-ஆம் தேதி காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. எனக்கு வருடங்களை ஞாபகம் வைத்துக்கொள்ள அது ஒரு வழி, அவ்வளவுதான்.

பொட்டலத்தை அவிழ்க்கச் சொல்வது யார்? இதற்கு விடை சொன்னது உங்கள் பட்டினச்சேரிக் கரையில் ஏலம் போகிற சரக்கின் உறவுக்காரன். கணவாய். (கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "எந்தக் கணவாய்?") நல்ல கேள்வி, அண்ணே. ஓடு உள்ளது இல்லை, ஊசிக்கணவாய். அது ஆபத்து வந்தால் உடம்பைச் சுருக்கித் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு பின்பக்கமாகப் பாயும். அந்தப் பாய்ச்சலுக்கு உத்தரவு போகிற நரம்பு இழை, பெரிய வகைகளில், ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன். நம் உடம்பின் மிகத் தடித்த நரம்பு இழையைப் போல ஐம்பது மடங்கு. அந்த இழை தொடங்கும் நரம்பிணைப்பும் அதற்கேற்ப பெரிது. ஊசியைச் செருக இடம் இருக்கிறது என்பதால் 1960-களில் காட்ஸும் மெக்சிகோவிலிருந்து வந்த ரிக்கார்டோ மிலேடியும் கணவாயைத் தேடிப் போனார்கள்.

கூடவே இன்னொரு மீனின் விஷத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வலையில் விழுந்தால் நீங்கள் தூக்கி எறிகிற பேத்தை. அந்த விஷம் நரம்பில் துடிப்பே ஓடாமல் அடக்கிவிடும். அடக்கிய பிறகு, நரம்பு முனையின் மின்னழுத்தத்தைத் தாங்களே ஊசி வழியாக உயர்த்திப் பார்த்தார்கள். துடிப்பு இல்லாமலே பொட்டலம் அவிழ்ந்தது. ஆனால் நீரில் கால்சியம் இல்லையென்றால் எதுவும் நடக்கவில்லை. நரம்பில் ஓடிவரும் மின்சாரத்தின் வேலை ஒரு கதவைத் தட்டுவதோடு முடிந்துவிடுகிறது. கதவு திறந்தால் உள்ளே பாய்வது கால்சியம். நரம்பு முனைக்கு வெளியே கால்சியம் உள்ளே இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் நிற்கிறது. மேட்டு வாய்க்கால் நிறையத் தண்ணீர், பள்ளத்தில் வறண்ட வயல். மடைப்பலகையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கால்சியம் நுழைந்து ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிகூட ஆவதற்குள் பொட்டலம் வெளியே. கண் ஒருமுறை இமைக்கும் நேரத்தில் இதை நூறுமுறை செய்து முடிக்கலாம். காட்ஸுக்கு 1970-இல் நோபல் வந்தது.

இவ்வளவு வேகம் எப்படி என்பதற்கு விடை கிடைக்க இன்னும் இருபது வருடம் ஆயிற்று. பொட்டலங்கள் கிடங்கிலிருந்து ஓடி வருவதில்லை. ஒரு பகுதி ஏற்கெனவே சுவரோடு ஒட்டி, துறையில் கயிறு கட்டிய படகுபோலத் தயாராக நிற்கிறது. குமிழின்மேல் ஒரு புரதக் கயிறு, நரம்பு முனையின் உட்சுவரில் இரண்டு. இவை ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். முறுக்கு இறுக இறுகக் குமிழ் சுவரோடு நெருங்கும். கால்சியத்துக்காகக் காத்திருக்கும் இன்னொரு புரதம் கால்சியம் பட்டதும் கடைசி இழுப்பை இழுத்துவிடும். குமிழின் தோலும் சுவரின் தோலும் ஒன்றாகி வாய் திறக்கும். இதைக் கண்டுபிடித்ததில் பங்குள்ள ரோத்மன், ஷெக்மன், சூடோஃப் மூவருக்கும் 2013-இல் நோபல்.

இதில் நம் நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. பாடப்புத்தகங்கள் அதை ஒரு வரியில் தாண்டிவிடுவதால் நான் கொஞ்சம் நிற்கிறேன். மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கியவர் ஒபைத் சித்திக்கி. பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தையும் பின்னாளில் அவர்தான் அமைத்தார். பழுத்த வாழைத்தாரைச் சுற்றி மொய்க்குமே குட்டிப் பழ ஈ, அதில் அவர் வேலை செய்தார். அமெரிக்காவின் சீமோர் பென்சரோடு சேர்ந்து 1976-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், சூடு ஏறினால் மயங்கி விழும் ஈக்கள் வருகின்றன. அவற்றில் ஒன்று, குளிரவைத்த பிறகும் எழுந்திருக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டது. அதற்குக் 'கோமடோஸ்' என்று பெயர். நினைவற்றுக் கிடப்பது என்று பொருள். அதில் கெட்டிருந்தது எது என்று தெரிய ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. மேலே சொன்ன கயிறுகள் ஒருமுறை முறுக்கிக்கொண்டால் தாமாகப் பிரியாது. அவிழ்ப்பதற்கென்று ஓர் ஆள், அதாவது ஒரு புரதம், இருக்கிறது. ரோத்மன் செல்களைக் கரைத்துச் சோதனைக்குழாயில் தேடிப்பிடித்த அதே புரதம். சூட்டில் அந்த ஈக்கு அவிழ்க்கிற ஆள் படுத்துவிடுகிறார். பழைய முடிச்சு அவிழாததால் புதிய படகுக்குக் கயிறு இல்லை. வலையில் சிக்கல் எடுக்க ஆள் வராத அன்று கடலுக்குப் போக முடியுமா? அதேதான்.

இந்தக் கயிறுகள் இருப்பது தெரிந்ததும் பழைய எதிரி ஒருவனின் முகமும் தெரிந்தது. தனுர்வாதம். ரணஜன்னி என்றும் சொல்வோம். தனுசு என்றால் வில். உடம்பு வில்லாக வளைந்துவிடும் நோய். துருப்பிடித்த ஆணி குத்தினால் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். அந்தக் கிருமியின் நச்சு ஒரு கத்தரிக்கோல். குமிழின்மேல் இருக்கும் கயிற்றை மட்டும் பார்த்து நறுக்குகிறது என்று 1992-இல் தெரிந்தது. அதுவும் தசையை அடக்கிவைக்கும் நரம்புகளின் கயிற்றைத் தண்டுவடத்தில் போய் நறுக்குவதால், அடக்க ஆளில்லாத தசைகள் முறுக்கிக்கொள்கின்றன. பிறந்த பிள்ளைகளை இந்நோய் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோன காலம் உண்டு. தாய்மார்களையும் சிசுக்களையும் தாக்கும் தனுர்வாதம் நாட்டில் ஒழிந்தது என்று 2015-இல் சான்று கிடைத்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கத்தரிக்கோலைத்தான் நடிகர் நடிகையர் முகச்சுருக்கத்துக்கு ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

விரியனிடம் திரும்புவோம்.

நல்லபாம்பும் கட்டுவிரியனும் இரண்டுமே இந்த இடைவெளியில்தான் தாக்குகின்றன. ஆனால் எதிரெதிர்க் கரைகளில். நல்லபாம்பின் விஷம் தசைப்பக்கத்துக் கரையில் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே அசிட்டைல்கோலினை வாங்கிக்கொள்ளும் பூட்டுகள் இருக்கின்றன. விஷம் அந்தச் சாவித்துளையை அடைத்துவிடும். பொட்டலம் அவிழ்கிறது, வாங்க ஆளில்லை. இதற்கு ஒரு தந்திரம் உண்டு. அந்த இடைவெளியில் அசிட்டைல்கோலினை உடனுக்குடன் பெருக்கித் தள்ள ஒரு நொதி இருக்கிறது. நியோஸ்டிக்மின் என்ற மருந்தால் அந்தப் பெருக்குகிறவனைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்தால் அசிட்டைல்கோலின் தேங்கி, மீதமுள்ள பூட்டுகளுக்காவது போய்ச்சேரும். இமை திறக்கும். வயலில் அடிக்கிற பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் செய்வதும் இதையேதான், ஆனால் அளவில்லாமல். பெருக்குகிறவனை அவை ஒரேயடியாக முடக்கிவிடுவதால் வாயில் நுரை, தசை துடிப்பு, மூச்சுத்திணறல். மருந்தடித்துவிட்டுக் கைகழுவாமல் பீடி பற்றவைக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கட்டுவிரியன் நரம்புப்பக்கத்துக் கரையில் இறங்குகிறது. அதன் விஷத்தில் பூட்டை அடைக்கும் வகையும் இருக்கிறது. ஆனால் ஆளைச் சாய்ப்பது மற்றது. தைவானில் சாங், லீ என்ற இரண்டு மருந்தியலாளர்கள் அங்குள்ள கட்டுவிரியன் இனத்தின் விஷத்தைப் பிரித்து 1963-இல் இந்த இரண்டு வகையையும் தனித்தனியாகக் காட்டினார்கள். அதில் பீட்டா என்று பெயரிட்டது நரம்பு முனையின் தோலையே அரிக்கிற ஒரு நொதி. குமிழ்கள் தாறுமாறாக வெளியேறிக் காலியாகும். பிறகு முனையே சிதைந்துவிடும். தசை காத்திருக்கிறது, உத்தரவு வந்து நிற்கிறது, கொடுக்க வேண்டியவன் கையில் பொட்டலமும் இல்லை, கையும் இல்லை. இங்கே நியோஸ்டிக்மின் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. தேங்குவதற்கு ஏதாவது வந்தால்தானே தேங்கும்?

விஷமுறிவு மருந்து இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதற்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள் நம் பக்கத்து இருளர்கள். மாமல்லபுரத்துக்குப் பக்கம் வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷம் கறந்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச்சிறுகக் குதிரைக்கு ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் நமக்கு ஊசியாகப் போடுகிறார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்து. அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தாமதம்தான், ஆனாலும் சரியான இடத்துக்குப் போன விருது.

ஆனால் அந்த மருந்து ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைப் பிடிக்கும். நரம்பு முனையை ஏற்கெனவே அரித்துவிட்ட விஷத்தை ஒன்றும் செய்யாது. வெந்த வீட்டுக்கு வாளித்தண்ணீர் மாதிரி. சிதைந்த முனை மறுபடி வளர வேண்டும். அது வளரும், அதுதான் நல்ல செய்தி. சில நாட்களிலிருந்து சில வாரங்கள் ஆகும். அதுவரை அந்த ஆளுக்கு மூச்சைக் கடனாகக் கொடுக்க ஓர் இயந்திரம் வேண்டும். கட்டுவிரியன் கடிக்கு உயிர் காப்பது பெரும்பகுதி வென்டிலேட்டரும் அதன் பக்கத்தில் தூங்காமல் உட்காரும் செவிலியரும். ஆகவே கயிறு கட்டுவதிலும் கீறுவதிலும் மந்திரிப்பதிலும் நேரத்தைப் போக்காமல் 108-ஐ அழையுங்கள். தரையில் படுத்தவர் காரணமில்லாமல் விடியற்காலை வயிற்றுவலி என்று சொல்லி, இமையும் கனத்தால், தடம் இல்லையே என்று காத்திருக்காதீர்கள். கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிக்கொண்டு படுத்தாலே பாம்புக்கடி வெகுவாகக் குறைகிறது என்று நேபாளத்தில் பார்த்திருக்கிறார்கள். கட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் 12 லட்சம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்தில், வீட்டிலேயே. எண்ணாத சாவுகளை எண்ணத் தொடங்கியதே அண்மையில்தான். நம் வேலிக்கு அப்பால் இருக்கும் தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். கட்டுவிரியன் கடித்து முழுக்க முடங்கியவருக்கு இமை திறக்காது. திறந்து பார்த்தால் கருவிழித் துளை விரிந்து, டார்ச் அடித்தாலும் அசையாமல் இருக்கலாம். கிள்ளினால் சுளிக்கமாட்டார். மூளைச்சாவு என்று அனுபவமுள்ள மருத்துவரே ஏமாறக்கூடிய தோற்றம். ஆனால் பாம்பு கைவைத்தது கடைமடையில்தான், மூளையில் இல்லை. உள்ளே ஆள் விழித்திருப்பார்.

பல வருடங்களுக்கு முன் அப்படிப் பிழைத்த ஒரு விவசாயத் தொழிலாளியிடம் நான் பேசினேன். ஒரு வாரம் இயந்திரத்தில் கிடந்தவர். என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். எல்லாம் கேட்டது என்றார். மனைவி அழுதது, பக்கத்துப் படுக்கைக்காரர் இருமியது, செவிலியர் ஒருவர் இவரிடம், "அண்ணே, ஊசி போடப் போறேன், கொஞ்சம் வலிக்கும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போட்டது. "மூணாம் நாளு எம் மச்சான், பொணத்த ஊருக்குக் கொண்டுபோவ எந்த வண்டி சல்லிசுன்னு வெளிய நின்னு பேசுனான் சார். அதுவும் கேட்டுச்சு. எந்திரிச்சு ஒண்ணு விடலாம்னு பார்த்தேன், கை வரல."

ஆறாம் நாள் காலையில் அவருடைய இடது கால் கட்டைவிரல் அசைந்தது. முதலில் பார்த்தது அந்தச் செவிலியர்.